கோவிலடியில் வெட்டிய கரை



இந்த வாரம் வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் பற்றி எழுதுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுக்குத் தள்ளிப் போகுது. காரணம் எங்க ஊர் டீக்கடை.

துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்த பையன் ஒருத்தன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "மாமா, அமெரிக்கா இறங்குது, சீனா ஏறுது. நடுவுல சண்டை வராம இருக்குமா?" நான் வாயைத் திறக்கும் முன்னே பெஞ்சில் இருந்த பெரியவர், "வந்தா வந்துட்டுப் போவுது. அவனுங்க ஊர்ல அவனுங்க அடிச்சிக்கப் போறானுங்க. நமக்கு என்னப்பா?" என்று கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு அந்தப் பேச்சுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறுகிறவனும் இறங்குகிறவனும் அவனவன் ஊரில் அடித்துக்கொள்வான் என்று யார் சொன்னது? அப்படிப்பட்ட ஒரு சண்டை நம்ம திருச்சியிலேயே நாலு வருஷம் நடந்திருக்கு. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் பட்டாளம் தங்கியிருக்கு. பொன்மலையில் பீரங்கி வெடிச்சிருக்கு. கல்லணைக்குப் பக்கத்தில் கரையை வெட்டியிருக்காங்க. வெட்டியவர்களில் ஒருத்தர் ஊர் பிரான்ஸ், இன்னொருத்தர் ஊர் மைசூர். கெட்டது தஞ்சாவூர்க்காரன் நாற்றங்கால்.

எங்க ஊர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கு. மேற்கே போனால் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். கிழக்கே போனால் கல்லணை, அதைத் தாண்டினால் கோவிலடி. இந்த ரோட்டில் வண்டி ஓட்டாத நாள் எனக்குக் குறைவு. அதனால் இந்தக் கதையைப் படிக்கும்போது ஒவ்வொரு இடமும் கண்ணில் வந்து நிற்கும். தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ஒரு வீடு காலியானது. நாயக்கர் வீடு. விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1732 இல் வாரிசு இல்லாமல் இறந்து போனார். ஸ்ரீரங்கம் கோயிலில் அவரும் அவர் குடும்பமும் ஆள் உயரத்துக்குச் சிலையாகக் கைகூப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோயிலுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவர். ஆட்சியைப் பற்றி அந்த அளவுக்கு நல்ல பேர் இல்லை. அவருக்குப் பிறகு ராணி மீனாட்சி ஒரு பையனைத் தத்து எடுத்து, அவன் பேரில் திருச்சியில் இருந்து ஆண்டார். தத்துக் கொடுத்த தகப்பன் வங்காரு திருமலை, "அப்போ நான் யாரு?" என்று எழுந்தார். பங்காளிச் சண்டை.

அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாபின் மகனும் மருமகன் சந்தா சாகிபும் கப்பம் வசூலிக்கப் படையோடு வந்தார்கள். ரெண்டு பக்கமும் அவர்களிடமே பஞ்சாயத்துக்குப் போனது. நவாப் மகன் வங்காரு பக்கம் தீர்ப்புச் சொன்னார். ராணி சந்தா சாகிபுக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாகப் பேசி, தன்னைக் காப்பாற்றச் சத்தியம் வாங்கினார். குரான் மேல் கை வைத்து சத்தியம் செய்தார், துணிக்குள் இருந்தது செங்கல் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1736 இல் சந்தா சாகிப் திரும்பி வந்து கோட்டையை எடுத்துக்கொண்டார். ராணி விஷம் குடித்து இறந்தார்.

எனக்கு இதைப் படித்தபோது எங்க பக்கத்தில் நடந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஊர் பேர் வேண்டாம். அண்ணன் தம்பி ரெண்டு பேர். நடுவில் ஒரு வரப்பு. வரப்பை ஒருத்தன் அரை அடி சீவினான், இன்னொருத்தன் முக்கால் அடி சீவினான். ஊர்ப் பெரியவர்கள் பேசினால் முடிந்திருக்கும். அண்ணன் போய் டவுனில் செல்வாக்கான ஒருத்தரைக் கூட்டி வந்தான். தம்பி அவரைவிடப் பெரிய ஆளைக் கூட்டி வந்தான். வக்கீல் செலவுக்கு, ஆள் செலவுக்கு என்று வட்டிக்குப் பணம் கொடுத்ததும் அதே ஆட்கள்தான். இன்றைக்கு அந்த ரெண்டு நிலமும் ரெண்டு பேர் கையிலும் இல்லை. வரப்பும் இல்லை, சேர்த்து உழுதுட்டாங்க.

திருச்சி கதை கிட்டத்தட்ட அதே மாதிரிதான் போகும், கொஞ்சம் பெரிய அளவில்.

நாயக்கர் தேய்ந்த கதையைச் சொன்னேன். அவரைச் சாப்பிட்ட ஆற்காட்டு நவாபும் தேய்ந்துகொண்டுதான் இருந்தார். நவாபுக்கு மேலே ஐதராபாத் நிஜாம், அவருக்கு மேலே டெல்லி பாதுஷா. பேருக்கு எல்லாரும் மேலே மேலே இருந்தார்கள், பிடி எவரிடமும் இல்லை. 1740 இல் மராட்டியர் வந்து நவாபைக் கொன்றார்கள். 1741 இல் திருச்சியைப் பிடித்து சந்தா சாகிபைச் சிறை கொண்டு போனார்கள். 1743 இல் நிஜாம் பெரும் படையோடு வந்து மராட்டியரை வெளியே அனுப்பினார். 1748 இல் நிஜாமே இறந்தார், அவர் வீட்டிலும் மகனுக்கும் பேரனுக்கும் சண்டை. பதினாறு வருஷத்தில் திருச்சிக் கோட்டைக்குள் எத்தனை எஜமானர் மாறினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வரி வாங்க ஒரு புது ஆள் வந்திருப்பான். விதை நெல்லை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் அன்றைக்கு விவசாயிக்கு அரசியல்.

இங்கேதான் ரெண்டு கம்பெனிகள் வருகின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன், சென்னையிலும் கடலூரிலும் இங்கிலீஷ்காரன். வந்தது துணி வாங்க. ரெண்டு பேருமே ஏறுகிற ஆட்கள். ஒருத்தன் ஏறுவதை இன்னொருத்தன் பார்த்துப் பயந்துகொண்டிருந்தான். அந்தப் பயம்தான் இந்தக் கதையில் முக்கியம்.

புதுச்சேரி கவர்னர் டூப்ளே, சிறையிலிருந்து வெளியே வந்த சந்தா சாகிபை நவாபாக்கப் படை கொடுத்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் சண்டை. அப்போதைய நவாப் அன்வாருதீன் செத்தார். அவர் மகன் முகமது அலி தப்பி ஓடி வந்து ஒளிந்த இடம் நம்ம திருச்சிக் கோட்டை. இங்கிலீஷ்காரன் பார்த்தான். இப்படியே விட்டால் தென்னாடு முழுக்க பிரெஞ்சுக்காரன் சொன்னபடி ஆடும், நம்ம வியாபாரம் போச்சு. உடனே முகமது அலிக்கு ஆள் அனுப்பினான். கடலூர் பக்கம் இங்கிலீஷ் எல்லை வரைக்கும் வயல்களில் பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளைக் கொடி நட்டு வைத்தார்களாம், இது எங்களுடையது என்று காட்ட. வயலில் கொடி நட்டவனுக்கு அது கொடி. அந்த வயல்காரனுக்கு என்ன தோன்றியிருக்கும்? நமக்கு அளவுக்கல் நட்டாலே வயிறு கலங்குது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷங்களில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டையே கிடையாது. 1748 இல் ஐரோப்பாவில் சமாதானம் எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. லண்டன்காரனும் பாரிஸ்காரனும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, இங்கே ஒரே காவிரிக் கரையில் ரெண்டு பேரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டால், "நான் சண்டை போடலை, நவாபுக்கு உதவிக்கு வந்திருக்கேன்" என்று ரெண்டு பேரும் சொல்லலாம். ரெண்டு பேரிடமும் ஆளுக்கு ஒரு நவாப் இருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன் பத்திரத்தையே தன் பேருக்கு எழுதிக்கொள்வது போல.

1751 இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் திருச்சியைச் சூழ்ந்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கதை வரும். அது திருச்சி முற்றுகையைத் தளர்த்துவதற்காகச் செய்த வேலைதான். கதாநாயகன் ஆற்காட்டுக்குப் போய்விட்டதால் புத்தகமும் கூடவே போய்விட்டது. கோட்டைக்குள் அகப்பட்டுக் கிடந்த திருச்சி ஜனங்களைப் பற்றிப் பரீட்சையில் கேட்கமாட்டார்கள்.

உள்ளே இருந்த முகமது அலிக்குக் கையில் காசு இல்லை, ஆள் இல்லை. என்ன செய்வார்? எல்லோரையும் கூப்பிட்டார். தஞ்சாவூர் ராஜா பிரதாப சிங்கின் தளபதி மானோஜி வந்தார். புதுக்கோட்டைத் தொண்டைமான் வந்தார். மராட்டிய முராரி ராவ் வந்தார். மைசூரிலிருந்து நஞ்சராஜர் வந்தார். மைசூர்க்காரர் சும்மா வரவில்லை. "சண்டை முடிந்தால் திருச்சி உங்களுக்கு" என்று முகமது அலி ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தார். இங்கிலீஷ்காரனுக்கே இது முதலில் தெரியாது. நாலு பேரிடம் கைமாத்து வாங்கி, ஒருத்தனிடம் வீட்டையே அடமானம் வைத்துவிட்டு மற்றவர்களிடம் சொல்லாத மாதிரி.

1752 கோடையில் நிலைமை தலைகீழானது. பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் வந்து உட்கார்ந்தார். ஏழு மதில் கோயில், பக்கத்தில் ஜம்புகேஸ்வரர் கோயில், ரெண்டு பக்கமும் ஆறு. இதைவிடப் பாதுகாப்பு ஏது என்று நினைத்திருப்பார். எங்க தீவுக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், இங்கே ஆற்றைத் தாண்டாமல் ஒரு படி அரிசி வராது என்று. தெற்கே லாரன்ஸ், வடக்கே கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சமயபுரத்தில் கிளைவ், கிழக்கே தஞ்சைப் படை. வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள். ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிப், தன்னைப் பத்திரமாக வெளியே விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த மானோஜியை நம்பிப் போனார். தலையை வெட்டி முகமது அலிக்கு அனுப்பினார்கள். ராணி மீனாட்சிக்கு வாக்குக் கொடுத்துக் கோட்டையை வாங்கியவருக்கு அதே ஊர் எல்லையில் அதே மாதிரி ஒரு வாக்கு. நம்ம ஜனங்கள் இதை வைத்துப் பாவம் பழி என்று பேசுவார்கள். எனக்கு அப்படிச் சொல்லப் பிடிக்காது. வாக்குக்கு மதிப்புப் போன காலம், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சந்தா சாகிபின் படையில் இருந்த ராஜபுத்திர வீரர்கள் ஸ்ரீரங்கம் கோயிலை விட்டு வெளியேறும்போது, ஜெயித்தவர்கள் உள் பிராகாரங்களுக்குள் நுழையக்கூடாது, நுழைந்தால் வெட்டுவோம் என்று நின்றார்களாம். தோற்றுப்போனவன் வைத்த நிபந்தனை. இங்கிலீஷ்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். இந்த நாலு வருஷக் கதையில் எனக்கு மனசுக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான்.

சரி, எதிரி செத்தாச்சு, பிரெஞ்சுக்காரன் பிடிபட்டாச்சு. சண்டை முடிந்திருக்கணுமே? இங்கேதான் நிஜமான கேடு ஆரம்பிக்குது.

நஞ்சராஜர், "சரி, கோட்டையைக் கொடுங்க" என்றார். முகமது அலி முழித்தார். இங்கிலீஷ்காரன் கைவிரித்தான். நஞ்சராஜர் மைசூரிலிருந்து மாதக்கணக்காகப் படைக்குச் சோறு போட்டவர், முராரி ராவுக்கும் அவர் கஜானாவிலிருந்துதான் பணம் போனது. வெறும் கையோடு எப்படித் திரும்புவார்? நேற்று வரை யாரோடு சண்டை போட்டாரோ அந்த பிரெஞ்சுக்காரனோடு போய்ச் சேர்ந்தார். முராரி ராவும் கூடவே போனார். இன்னும் ரெண்டு வருஷம் சண்டை.

இந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1753 ஜூனில் பொன்மலையில் நடந்த சண்டை பேர் போனது. இப்போ ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்கிற பக்கம். நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ராத்திரியில் ஏணி வைத்துக் கோட்டையில் ஏறப் பார்த்துத் தோற்றார்கள். வீரதீரத்தை விட்டுவிடுவோம், நம்ம துறை சோறு. கோட்டைக்குள் எத்தனை மாதத்துக்கு நெல் இருக்கு என்று இங்கிலீஷ் அதிகாரி கணக்குக் கேட்டால், பொறுப்பில் வைக்கப்பட்டிருந்த நவாபின் உறவினர் பெரும் பகுதியை ஏற்கெனவே விற்றுக் காசாக்கியிருந்தார். முற்றுகைக்குள் நெல் விலை என்ன ஏறியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். திருச்சி நகரமே காலியாகி, பட்டாளம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பட்டாளத்துக்குச் சோறு வந்ததும் தொண்டைமான் சீமைக் காட்டு வழியாக, ராத்திரி ராத்திரியாக.

அதற்காகவே 1754 கோடையில் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் தொண்டைமான் சீமைக்குள் புகுந்தார்கள். போய்ப் பார்த்தால் ஊர் ஊராக ஆளே இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு மொத்த ஜனமும் காட்டுக்குள் போய்விட்டது. கொள்ளையடிக்க ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் படை கிழக்கே திரும்பியது. கோவிலடிக் கோட்டையைப் பிடித்தது. பிடித்ததும், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போகாமல் தடுத்து நிற்கும் கரையை வெட்டிவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஆறு தெரியாத வாசகர்களுக்காக.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி ரெண்டாகப் பிரியுது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் எங்க தீவு. கல்லணை பக்கம் வரும்போது ரெண்டும் திரும்ப நெருங்கிவிடும். கொள்ளிடத்தின் தரைமட்டம் தாழ்வு, காவிரியின் தரைமட்டம் மேடு. தண்ணிக்கு எது சுலபமோ அந்தப் பக்கம்தான் ஓடும். விட்டால் மொத்தக் காவிரியும் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் விழுந்து நேரே கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் ஜில்லா கரம்பாகிவிடும். கரிகாலன் கல்லணையைப் போட்டதே அதைத் தடுக்கத்தான். அணையும் அதை ஒட்டிய கரையும் இருக்கிற வரைக்கும்தான் டெல்டா. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனபோது நாங்கள் எல்லாம் மணல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருந்தோமே, அந்தப் பயம் இதுதான்.

அவர்கள் வெட்டியது எந்த மாதம் தெரியுங்களா? மே. வைகாசி. ஆற்றில் பெரிசாகத் தண்ணி இருக்காது. பார்க்கிறவனுக்கு, கரையில் ஒரு உடைப்பு, அவ்வளவுதான். ஆனால் அடுத்த மாதம் குடகில் மழை பெய்து புதுத்தண்ணி வரும். வாய்க்கால் தூர்வாரி, நாற்றங்காலுக்கு உழுது வைத்துக்கொண்டு, தண்ணி வருமா வருமா என்று விவசாயி பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். வருகிற தண்ணி கோவிலடியிலேயே கொள்ளிடத்தில் குதித்துவிடும். ஒரு குண்டு சுடாமல், ஒரு ஆளைக் கொல்லாமல், ஒரு நாட்டின் ஒரு வருஷச் சாப்பாட்டை எடுத்துவிடலாம். இதைச் செய்யச் சொன்னவனுக்கு விவசாயம் நன்றாகத் தெரிந்திருக்கு. மைசூரும் காவிரி ஊர்தானே.

தஞ்சை ராஜா செய்த தப்பு என்ன? அவர் கொஞ்ச நாளாக ஊசலாடிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ்காரனுக்கு உதவி கேட்டால் நாள் கடத்துவார், பிரெஞ்சுக்காரன் ஆள் அனுப்பினால் காது கொடுப்பார். எவன் ஜெயிப்பான் என்று தெரியாதபோது சின்ன ராஜா வேறு என்ன செய்வார்? கரையை வெட்டியது அவரைப் பயமுறுத்த. அவர் பயந்தார், ஆனால் எதிர்ப்பக்கம் ஓடினார். இங்கிலீஷ்காரனோடு மறுபடி சேர்ந்துகொண்டார். அப்புறம் உடைத்த கரையை அடைக்கக் கூலியாட்கள் மண் சுமந்தபோது, அவர்களுக்குச் சிப்பாய்க் காவல் போடவேண்டியிருந்தது. மண்வெட்டிக்குத் துப்பாக்கி காவல். எங்க பக்கம் கரை அடைக்கும்போது பார்த்திருக்கிறேன், ஒரு தட்டு மண் வைத்தால் அரைத் தட்டு ஆறு எடுத்துக்கொள்ளும். தலைக்கு மேலே சண்டையும் நடந்தால் எப்படி அடைத்தார்களோ.

கடைசியில் சண்டையை நிறுத்தியது யார்? திருச்சியில் யாரும் இல்லை. பாரிஸில் கம்பெனிக்காரர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, இந்த ஆள் நம்மை முழுகடித்துவிடுவான் என்று டூப்ளேயைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 1754 ஆகஸ்டில் அவர் இடத்துக்குக் கோதே என்பவர் வந்து இறங்கினார். அக்டோபரில் போர்நிறுத்தம். லாபநஷ்டம் பார்த்துத் தொடங்கினது, லாபநஷ்டம் பார்த்து நின்றது.

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். ஹார்வர்டு பேராசிரியர் கிரஹாம் அல்லிசன் என்பவர் 2017 இல் ஒரு புத்தகம் எழுதினார். பழைய கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் ஏறியது, ஸ்பார்ட்டா பயந்தது, போர் வந்தது. அதே மாதிரி கடந்த 500 வருஷத்தில் ஒருத்தன் ஏறி இன்னொருத்தன் இடத்தை அசைத்த சந்தர்ப்பங்கள் 16 என்று எண்ணி, அதில் 12 போரில் முடிந்தது என்கிறார். அமெரிக்காவும் சீனாவும் 17ஆவதா என்பது அவர் கேள்வி. டிவியில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

அந்தப் பதினாறில் ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சும் இங்கிலாந்தும். போரில் முடிந்தது என்று ஒரு வரி. நம்ம திருச்சி, ஸ்ரீரங்கம், கோவிலடி எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுது. எனக்கு அந்தக் கணக்கில் உள்ள குறையே அதுதான். ஏறுகிறவன் யார், இறங்குகிறவன் யார் என்று எண்ணுகிறார்கள். எங்கே நின்று அடித்துக்கொண்டார்கள், யார் வயலில், யார் கூப்பிட்டு என்று எண்ணுவதில்லை. திருச்சியில் நான் பார்ப்பது இதுதான்: பெரியவர்கள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோத விரும்பவில்லை. நடுவில் ஒரு வீடு சரிந்தது. அந்த வீட்டுப் பங்காளிகள் ஆளுக்கு ஒருத்தனைக் கூப்பிட்டார்கள். ஒருத்தன் வந்ததால் இன்னொருத்தன் வராமல் இருக்க முடியவில்லை. வந்த பிறகு, செலவு செய்த காசுக்காக நின்றார்கள்.

அதனால் டிவியில் யாராவது அமெரிக்கக் கப்பல் எத்தனை, சீனக் கப்பல் எத்தனை என்று அடுக்கினால் எனக்குப் பெரிய பயம் வராது. கூப்பிடுகிற ஆள் எங்கே இருக்கான் என்றுதான் பார்ப்பேன். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் அங்கே ஒரு சீன ஆய்வுக் கப்பல் வந்து நின்றது, டெல்லிக்கு வயிறு கலங்கியது. நான் சண்டை வரும் என்று சொல்லவில்லை. கதையின் முதல் அத்தியாயம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

"நமக்கு என்ன" என்று கேட்ட பெரியவருக்கு அடுத்த நாள் நான் சொன்ன பதில் பொட்டாஷ். அவரும் வாழைக்காரர். வாழைக்குப் பொட்டாஷ் இல்லாமல் தார் திரளாது, இது எல்லாருக்கும் தெரியும். இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் முழுக்க வெளியிலிருந்து வருது, அதில் பெரும் பங்கு ரஷ்யா, பெலாரஸ், கனடா. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் சண்டை தொடங்கியது. அதற்கு முன்னால் ஆயிரத்தைச் சுற்றி இருந்த மூட்டை அந்த வருஷம் 1700 ரூபாய்க்குப் போனது. அதுவும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்கலை. டி.ஏ.பி. கதையும் அதேதான். பாதிக்கு மேல் இறக்குமதி, 2021 இல் சீனா தன் உரத்தை வெளியே விடாமல் இறுக்கியதும் இங்கே வரிசை நின்றது. அந்தப் பருவம் எங்க பக்கம் நிறைய பேர் பாதி அளவு போட்டு விட்டார்கள், தார் எடை அடிபட்டது. எந்த நாடு எந்த நாட்டுக்குக் கோபமோ, காந்தி மார்க்கெட்டில் என் ரஸ்தாளிக்கு விலை குறைத்துக் கேட்டான். அவர் தலையை ஆட்டினார். "அது சரி, ஆனா யாரும் நம்ம கரையை வெட்டலையே" என்றார். வெட்டின கரை மேலதான் தினம் சைக்கிள் ஓட்டுறீங்க என்று கோவிலடிக் கதையை அப்போதுதான் சொன்னேன். அவர் பொண்ணு கொடுத்த ஊர் அது.

இன்னொரு கேள்வியும் வரும், அந்த துபாய்ப் பையனே கேட்டான். "அப்போ யார் பக்கம் சேரணும் மாமா?" தொண்டைமான் ஒரே பக்கம் நின்றார், புதுக்கோட்டை 1948 வரைக்கும் சமஸ்தானமாகத் தப்பியது. தஞ்சை ஆடியது, 1799 இல் ஆட்சியைக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தது. அதனால் ஒருத்தன் பக்கம் கெட்டியாகச் சேர்ந்துவிடு என்று பாடம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. 1753 இல் திருச்சிக் கோட்டைக்குள் நெல் இல்லாமல் இருந்தபோது இங்கிலீஷ்காரன்தான் ஜெயிப்பான் என்று எவனால் சொல்லியிருக்க முடியும்? ஜெயித்த குதிரையைக் காட்டிப் பந்தயம் கற்றுக்கொடுப்பது சுலபம். அதோடு, அதே பக்கம் கடைசி வரை நின்ற இன்னொருத்தர் முகமது அலி. சண்டைச் செலவெல்லாம் அவர் கணக்கில் கடனாக ஏறியது. வட்டிக்கு ஒவ்வொரு சீமையின் வரி வசூலாக எழுதிக் கொடுத்தார். 1795 இல் இறந்தார், 1801 இல் மொத்தக் கர்நாடகமும் கம்பெனிக்குப் போனது. ஜெயித்த நவாபின் கல்லறை திருச்சி நத்தர்வலி தர்காவில் இருக்கு, போனால் பார்க்கலாம். யார் பக்கம் என்பதைவிட, வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிடாமல் இருப்பது எப்படி என்பதுதான் கேள்வி என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது பதிலாகப் படலை. இன்னும் ரெண்டு தடவை கேட்டான்.

நஞ்சராஜர் கதையை முடிக்காமல் விட்டால் சரியிருக்காது. கம்பெனிகள் போரை நிறுத்திய பிறகும் அவர் மட்டும் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருந்தார், எனக்கு எழுதிக் கொடுத்த ஊர் என்று. 1755 இல் வேறு வழியில்லாமல் மைசூருக்குத் திரும்பினார். அத்தனை வருஷச் செலவு, ஒரு செங்கல் கிடைக்கவில்லை. ஆனால் அவர் படையில் ஒருத்தர் மட்டும் வெறும் கையோடு திரும்பவில்லை. சாதாரணக் குதிரைப்படை அதிகாரியாக வந்தவர், துப்பாக்கியும் பணமும் ஆட்களும் சேர்த்துக்கொண்டு போனார். வெள்ளைக்காரன் எப்படிச் சண்டை போடுகிறான் என்பதைத் திருச்சியில் நின்று பார்த்துக்கொண்டவர். பேர் ஐதர் அலி. அடுத்த சில வருஷத்தில் நஞ்சராஜரையே ஒதுக்கிவிட்டு மைசூரை எடுத்துக்கொண்டார். முகமது அலி வாக்குத் தவறியதை மைசூர் மறக்கவில்லை. 1781 இல் ஐதர் காவிரி நாட்டுக்குள் திரும்பி வந்தார். தஞ்சாவூர்க் கோட்டை தவிர மற்ற நாடு முழுக்க ஆறு மாதம்போல அவர் கையில் இருந்தது. மாடு போனது, ஆள் போனது, விதைக்க ஆளில்லாமல் நிலம் கிடந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு ஐதர் கலாபம் என்று பேர்.